திட்ட வார்ப்புருக்கள்: முதல் நாளும் முந்நூறாவது நாளும்

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கைப்பேசி அலறி எழுப்பிவிட, கண்காணிப்புத் திரையைத் திறந்தபோது ‘மாதிரி-சேவை’ என்ற பெயருக்கு எதிரே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியொரு சேவையை நாங்கள் எழுதியதே இல்லை. சேவைகள் தம் செயல்பாடுகளைப் பதிந்துவைக்கும் லாகுகளைத் தேடிப் பார்த்ததில் அதே பெயரில் மூன்று சேவைகள் பதிவிட்டுக்கொண்டிருந்தன. ஒன்று ரசீதுகளை அனுப்பியது, இன்னொன்று படங்களின் அளவைச் சுருக்கியது, மூன்றாவது என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. மூன்று குழுக்கள் வெவ்வேறு சமயங்களில் ஒரே பழைய திட்டத்தின் கோப்புறையை நகலெடுத்துப் புதிய திட்டத்தைத் தொடங்கியிருந்தன. பெயரை மாற்ற வேண்டிய பதினோரு இடங்களில் பத்தை மாற்றிவிட்டு, லாக் அமைப்புக் கோப்புக்குள் ஒளிந்திருந்த பதினோராவது இடத்தை மூன்று குழுக்களுமே தவறவிட்டிருந்தன.

திட்டங்களைத் தொடங்குவதற்கு, தொடக்கக் கோப்புகளை ஆயத்தமாகத் தரும் ஒரு பொது வார்ப்புரு வேண்டும் என்று நான் கச்சை கட்டிக்கொண்டு இறங்கியது அந்த இரவுக்குப் பிறகுதான். அதற்குப் பின் இரண்டு நிறுவனங்களில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். முதல் முறை பெரும்பாலும் தவறாகச் செய்தேன் என்பதால், அந்தத் தவறுகளிலிருந்தே எழுதுவது பொருத்தமாக இருக்கும்.

புதிய திட்டத்தைத் தொடங்குவது சின்ன வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நிரல் எழுத ஒரு கோப்புறை இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும், முதல் வரி நிரலுக்கு முன்னால் எத்தனை முடிவுகள் காத்திருக்கின்றன என்று: சோதனைகளை எந்தக் கட்டளையால் ஓட்டுவது, மொழியின் எந்தப் பதிப்பு, நிரலையும் அது ஓடும் சூழலையும் ஒன்றாகப் பொதியும் டாக்கர் இமேஜ் எதன் மேல் கட்டப்படுவது, லாக் எந்த வடிவில் எழுதப்படுவது, ரகசியச் சாவிகள் எங்கிருந்து வருவது, சேவை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் முகவரி எது, பழுதானால் யாரை எழுப்புவது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே அற்பமானவைதான். ஆனால் நாற்பது திட்டங்களில் நாற்பது விதமாக முடிவெடுக்கப்பட்டால், ஒரு குழுவிலிருந்து மற்றொரு குழுவுக்கு மாறிச் செல்பவர் முதல் வாரம் முழுவதும் நிரலைப் படிக்காமல், அந்த நிரலை ஓடவைப்பது எப்படி என்பதையே படித்துக்கொண்டிருப்பார்.

மொழிகளும் சட்டகங்களும் இதில் ஒரு பகுதியை நெடுங்காலம் முன்பே தீர்த்துவிட்டன. 2004-இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ், மரபு ஒன்று இருக்கும்போது அமைப்புக் கோப்பு எதற்கு என்ற கொள்கையை முன்வைத்து, ஒரே கட்டளையில் முழுக் கோப்புறை அமைப்பையும் உருவாக்கித் தந்தது. ஜாவா உலகில் மேவன் என்ற கட்டமைப்புக் கருவி, மூல நிரல் எங்கே, சோதனை எங்கே என்பதை எல்லாருக்கும் பொதுவாக வகுத்துவிட்டதால், முன்பின் தெரியாத ஒரு ஜாவா திட்டத்தைத் திறந்தாலும் எதை எங்கே தேடுவது என்று கை தானாகப் போகிறது. ரஸ்ட் மொழியின் கார்கோ, திட்டத்தை உருவாக்கும்போதே நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தையும் தொடங்கிவைத்து விடுகிறது. ஆனால் இந்தக் கருவிகளுக்கு நம் நிறுவனத்தைத் தெரியாது. நம்முடைய லாகுகள் எங்கே சேர்கின்றன, எந்த இமேஜை நம் பாதுகாப்புக் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது, நிரலைத் தானாகக் கட்டிச் சோதித்து வெளியிடும் நம் பைப்லைன் எந்தப் பெயரை எதிர்பார்க்கிறது என்பதெல்லாம் அவற்றின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. நிறுவன வார்ப்புரு நிரப்ப வேண்டிய இடைவெளி அவ்வளவுதான். நான் முதலில் எழுதிய வார்ப்புரு அந்த இடைவெளியையும் தாண்டி, வீட்டையே நிரப்பப் பார்த்தது.

அது குக்கீகட்டரில் எழுதப்பட்டது. 2013 முதல் பைதான் உலகில் புழங்கிவரும் அந்தக் கருவி, கோப்புகளிலும் கோப்புறைப் பெயர்களிலும் இடம்விட்டு வைத்து, பயனர் சொல்லும் விடைகளை அந்த இடங்களில் நிரப்பித் தருகிறது. கேள்வி கேட்பது எளிது என்பதால் நான் கேட்டுக்கொண்டே போனேன். தரவுத்தளம் வேண்டுமா, செய்திவரிசை வேண்டுமா, தற்காலிக நினைவகம் வேண்டுமா, இணையப் பக்கம் உண்டா, கட்டளைவரிக் கருவி உண்டா, பின்னணி வேலைகள் உண்டா என்று ஆம்–இல்லை வகைக் கேள்விகளே ஆறு. ஆறு கேள்விகள் என்றால் அறுபத்து நான்கு விதமான திட்டங்கள் பிறக்க முடியும். அவற்றில் நான் சோதித்துப் பார்த்தது எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று விடையளித்த ஒன்றை மட்டும். தரவுத்தளம் வேண்டாம், பின்னணி வேலைகள் மட்டும் வேண்டும் என்று சொன்ன முதல் குழுவுக்குக் கிடைத்தது, இல்லாத தரவுத்தளத்தோடு இணைய முயன்று, தொடங்கும்போதே விழுந்துவிடும் ஒரு திட்டம்.

பெரும்பாலோர் கேள்விகளைப் படிக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் வார்ப்புருவைப் பயன்படுத்துவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். முதல் கேள்விக்குத் திட்டத்தின் பெயரைத் தட்டினார். அதன் பிறகு என்டர் விசையின் மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை. பொறுப்பேற்கும் குழு எது என்ற கேள்விக்கு நான் முன்னிருப்பு விடையாக ‘தளக் குழு’ என்று வைத்திருந்தேன், அது என்னுடைய குழு. அந்தக் கணத்தில், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத திட்டங்களின் எச்சரிக்கைகள் சில மாதங்களாக எங்களையே வந்தடைவதற்கான காரணம் விளங்கிற்று. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்னிருப்பு விடை என்பது, இதை யோசித்து முடித்தாகிவிட்டது என்று வார்ப்புரு தரும் வாக்குறுதி. நான் யோசிக்காமலே அந்த வாக்குறுதியைக் கொடுத்திருந்தேன்.

இன்று நான் எழுதும் வார்ப்புருக்களில் மூன்று அல்லது நான்கு கேள்விகளுக்கு மேல் இருப்பதில்லை, பொறுப்புக் குழுவைக் கேட்கும் கேள்விக்கு முன்னிருப்பு விடையும் இருப்பதில்லை. திட்டத்தின் பெயரை ஒரே ஒரு முறைதான் கேட்கிறேன். இணைப்புக்கோடு உள்ள வடிவம் களஞ்சியத்துக்கு, அடிக்கோடு உள்ள வடிவம் பைதான் தொகுதிக்கு, இடைவெளி உள்ள வடிவம் திட்டத்தை விளக்கும் ரீட்மீ கோப்பின் தலைப்புக்கு என்று மற்ற வடிவங்களை வார்ப்புருவே வருவித்துக்கொள்கிறது. பைதான் தொகுதியின் பெயரில் இணைப்புக்கோடு வரக் கூடாது என்ற சின்ன விதியை ஆளுக்கு ஆள் தனித்தனியே கண்டுபிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கோப்புகள் உருவாகும் முன்பே ஓடும் சிறு நிரல் ஒன்றை வைக்கக் குக்கீகட்டரில் வசதி உண்டு. ஏற்கெனவே உள்ள பெயரையோ ஏற்க முடியாத எழுத்தையோ கொடுத்தால், அந்த நிரல் காரணத்தைச் சொல்லி அங்கேயே நிறுத்திவிடும். ‘மாதிரி-சேவை’ என்ற சொல்லைத் தடைசெய்த வரியையும் அதில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் வன்மம்தான்.

இவையெல்லாம் முதல் நாள் விவகாரங்கள், திருத்துவதும் கடினமில்லை. முந்நூறாவது நாளில் வருவதுதான் எனக்கு உண்மையான பாடமாக இருந்தது.

வார்ப்புரு என்ற சொல்லிலேயே அதன் குறை அடங்கியிருக்கிறது. அச்சில் உலோகத்தை வார்த்து மணி செய்தவர், பிறகு அந்த அச்சில் ஒரு கீறலைக் கண்டு செப்பனிட்டால், இனி வார்க்கும் மணிகள் நன்றாக ஒலிக்கும், ஏற்கெனவே கோபுரங்களில் தொங்கும் மணிகள் பழையபடியே ஒலிக்கும். களஞ்சியங்களை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் கிட்ஹப் 2019-இல் அறிமுகப்படுத்திய வார்ப்புருக் களஞ்சியங்களும் இப்படித்தான். அதிலிருந்து உருவாகும் களஞ்சியம் ஒரே ஒரு கமிட்டோடு, அதாவது ஒரே ஒரு மாற்றப் பதிவோடு, பிறக்கிறது, தாய்க் களஞ்சியத்தின் வரலாறு அதற்குக் கிடையாது, பின்னாளில் தாயில் நடக்கும் திருத்தங்களும் அதற்குத் தாமாக வந்து சேர்வதில்லை. 2021 டிசம்பரில் ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது இந்த உவமை உவமையாக நிற்கவில்லை. அந்த ஒரே மாதத்தில் 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று திருத்தப் பதிப்புகள் அடுத்தடுத்து வந்தன. எங்கள் ஜாவா வார்ப்புருவில் பதிப்பு எண் இருந்த வரியை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வார்ப்புருவிலிருந்து பிறந்த திட்டங்களோ முப்பதுக்கு மேல், ஒவ்வொன்றிலும் அதே வரி நகலாக உட்கார்ந்திருந்தது. நான்கு பதிப்புகளுக்கும் நான்கு முறை ஊர்வலம் போல எல்லாக் களஞ்சியங்களையும் சுற்றிவந்தோம். சிலவற்றில் அந்த வரியை யாரோ வேறு கோப்புக்கு நகர்த்தியிருந்ததால் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

சத்தமில்லாமல் நிகழ்ந்த இன்னொன்று எனக்கு இதைவிட அதிக வெட்கத்தைத் தந்தது. கிட்ஹப் 2020 அக்டோபர் முதல், புதிய களஞ்சியங்களின் முதன்மைக் கிளைக்கு ‘மாஸ்டர்’ என்ற பெயருக்குப் பதிலாக ‘மெயின்’ என்று பெயரிடத் தொடங்கியது. எங்கள் வார்ப்புருவில் இருந்த, சோதனைகளைத் தானாக ஓட்டவைக்கும் சிஐ கோப்போ, மாஸ்டர் கிளையில் மாற்றம் வந்தால் சோதனைகளை ஓட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பிறந்த சில திட்டங்களில் சோதனைகள் ஒரு நாள்கூட ஓடவில்லை. ஓடித் தோற்றிருந்தால் சிவப்பாகத் தெரிந்திருக்கும். ஓடாதது எந்த நிறத்திலும் தெரியவில்லை, சிவப்பு இல்லாததையே பச்சை என்று எல்லாரும் நம்பிவிட்டோம்.

இதற்குப் பிறகு ஒவ்வொரு கோப்பையும் வார்ப்புருவில் சேர்க்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன்: இதை நாளைக்கு மாற்ற வேண்டி வந்தால், எல்லாத் திட்டங்களிலும் மாற வேண்டுமா, இல்லை அந்தந்தத் திட்டம் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாமா? எல்லா இடத்திலும் மாற வேண்டியது என்றால் அது வார்ப்புருவுக்குள் இருக்கக் கூடாது, பொதுவான ஓரிடத்தில் இருந்துகொண்டு திட்டங்களால் சுட்டப்பட வேண்டும். நூலகப் பதிப்புகளை மேவனின் தாய்க் கோப்பு ஒன்றுக்கு நகர்த்தினோம். சிஐ படிகளை, கிட்ஹப் 2021-இல் கொண்டுவந்த மறுபயன்பாட்டுப் பணிப்பாய்வுகளாக ஒரே களஞ்சியத்தில் வைத்தோம். திட்டத்தில் மிஞ்சியிருப்பது அதை அழைக்கும் பத்துக்கும் குறைவான வரிகள்தான். டாக்கர் அடிப்படை இமேஜை நாங்களே கட்டிப் பராமரித்தோம். வார்ப்புரு மெலிந்தது. முன்பு அறுபது கோப்புகளைக் கொட்டிய இடத்தில் பதினைந்துக்கும் குறைவாகவே வந்தன.

பொதுவில் வைப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பொதுப் பைப்லைனில் நான் ஒரு நாள் மாலை தவறான மாற்றமொன்றைச் செய்ய, மறுநாள் காலை யாருமே எதையும் வெளியிட முடியாமல் போயிற்று. நகலாக இருந்திருந்தால் என் தவறு என்னோடு நின்றிருக்கும். அன்றிலிருந்து பொதுவானவை எல்லாம் பதிப்பு எண்ணோடுதான் வெளிவருகின்றன, ஒவ்வொரு திட்டமும் குறிப்பிட்ட பதிப்பையே சுட்டுகிறது. புதிய பதிப்பு வந்தால் ரெனவேட் அல்லது டிபெண்டபாட் போன்ற கருவி அந்தத் திட்டத்துக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தை ஏற்கக் கோரும் முன்மொழிவு, அனுப்புகிறது, அங்கே சோதனைகள் தேறினால் அந்தக் குழுவே அதை ஏற்றுக்கொள்கிறது. இதனால் எல்லாரும் ஒரே நாளில் மாறிவிட மாட்டார்கள், சிலர் இரண்டு மாதம் பின்தங்கியிருப்பார்கள். எல்லாரும் ஒரே காலையில் முடங்குவதை விட அது எவ்வளவோ மேல்.

அளவுக்கு மீறி மறைத்துவைப்பதும் ஆபத்தானதே. ரியாக்ட் நூலகத்தில் இணையச் செயலிகளைத் தொடங்க உதவும், 2016-இல் வெளிவந்த கிரியேட் ரியாக்ட் ஆப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கட்டமைப்பு வேலைகள் முழுவதையும் ஒரே சார்புத் தொகுப்புக்குள் ஒளித்துவைத்ததால், அந்தத் தொகுப்பின் எண்ணை உயர்த்தினாலே பழைய திட்டங்களும் புதுமை பெற்றன. நான் மேலே சொன்ன மணிச் சிக்கலுக்கு அது அழகான விடை. ஆனால் உள்ளே ஒரு சின்ன அமைப்பை மாற்ற வேண்டியிருந்தவர்களுக்கு அது தந்த முதன்மையான வழி, எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடும் ‘இஜெக்ட்’ கட்டளைதான். அது ஒருவழிப் பாதை, கொட்டியதைத் திரும்ப உள்ளே அள்ள முடியாது. 2025 பிப்ரவரியில் புதிய செயலிகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டது. நிறுவனத்துக்குள் பொதுத் தொகுப்பு எழுதுபவர்கள், ஒரே ஒரு அமைப்பை மட்டும் மீறுவதற்கான சிறு கதவைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவது நல்லது. முழு விடுதலையா முழுச் சிறையா என்று கேட்கப்படும் நிரலாளர் விடுதலையைத்தான் தேர்ந்தெடுப்பார், அதன் பிறகு அவர் நம் பக்கம் வரவே மாட்டார்.

இதன் பிறகும் வார்ப்புருவிலேயே இருக்க வேண்டிய, ஆனால் காலப்போக்கில் மாறக்கூடிய கோப்புகள் சில மிஞ்சும். டாக்கர் கோப்பு அப்படிப்பட்டது. இவற்றுக்காகவே இரண்டாவது நிறுவனத்தில் காப்பியருக்கு மாறினோம். அந்தக் கருவி, திட்டம் பிறந்தபோது சொல்லப்பட்ட விடைகளையும் அப்போதிருந்த வார்ப்புருவின் பதிப்பையும் ஒரு கோப்பில் எழுதித் திட்டத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறது. புதுப்பிக்கச் சொன்னால், பழைய பதிப்பைப் பழைய விடைகளோடு மறுபடி உருவாக்கிப் பார்த்து, குழு தன் கைப்பட என்னென்ன மாற்றியது என்பதைக் கணக்கிட்டு, அந்த மாற்றங்களைப் புதிய பதிப்பின் மேல் பொருத்த முயல்கிறது. குக்கீகட்டரை விட விரும்பாதவர்களுக்குக் கிரஃப்ட் என்ற கருவி ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது. மந்திரம் ஏதுமில்லை, குழுவும் வார்ப்புருவும் ஒரே வரியை மாற்றியிருந்தால் மோதல் வரத்தான் செய்யும், அதை மனிதர்தான் தீர்க்க வேண்டும். ஆகவே வார்ப்புருவுக்குச் சொந்தமான வரிகளையும் குழுவுக்குச் சொந்தமான வரிகளையும் ஒரே கோப்பில் கலக்காமல் பிரித்துவைக்கப் பழகினோம். மோதல்கள் பாதிக்குப் பாதி குறைந்தன என்று சொல்ல ஆசைதான், ஆனால் நான் எண்ணிப் பார்க்கவில்லை; புதுப்பிப்பு நாளில் என்னைத் தேடி வருபவர்கள் குறைந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

வார்ப்புருவும் ஒரு நிரல்தான் என்பதையும், அதற்கும் சோதனை வேண்டும் என்பதையும் நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். இப்போது தினமும் இரவில் ஒரு வேலை ஓடுகிறது. அது வார்ப்புருவிலிருந்து வெற்றுத் திட்டம் ஒன்றை உருவாக்கி, கட்டி, சோதனைகளை ஓட்டி, சோதனைச் சூழலில் வெளியிட்டு, உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அழித்துவிடுகிறது. யாரும் வார்ப்புருவைத் தொடாத வாரத்திலும் அது சில சமயம் தோற்கிறது, ஏனென்றால் வெளியே ஏதோ ஒரு நூலகம் மாறியிருக்கும். புதிய திட்டம் தொடங்க உட்காரும் ஒருவர் அந்தத் தோல்வியை முதல் ஆளாகச் சந்திக்காமல், அதற்கு முந்தைய இரவே நான் சந்தித்துவிடுகிறேன்.

வார்ப்புருவைக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வி எல்லா இடத்திலும் எழுகிறது. நிறுவனம் பரிந்துரைக்கும் இத்தகைய பொது வழிக்கு ஸ்பாட்டிஃபையில் ‘பொன் பாதை’ என்றும் நெட்ஃபிளிக்ஸில் ‘செப்பனிட்ட சாலை’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பெயர்களிலும் இருப்பது பாதை, வேலி இல்லை. எனக்கு இந்தப் பார்வை பிடித்திருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2020-இல் திறமூலமாக வெளியிட்ட பேக்ஸ்டேஜ், வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்துப் படிவத்தை நிரப்பினால் களஞ்சியம் முதல் வெளியீடு வரை உருவாக்கித் தரும் முழு வாசலாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் ஆண்டுக்குப் பத்துத் திட்டங்கள் தொடங்கும் நிறுவனத்துக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாகிவிடும், அங்கே ஒரு கட்டளையும் நல்ல ரீட்மீயும் போதும்.

எங்கள் தரவு ஆய்வுக் குழு வார்ப்புருவை ஏற்க மறுத்தபோது, முதலில் அதை முரண்டு என்றே எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்து பேசியபோது நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது. அவர்களுடைய திட்டங்களில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சேவையே இல்லை. மூலத் தரவைத் தொடாமல் வைத்திருப்பதும், இடைநிலைத் தரவையும் இறுதித் தரவையும் தனித்தனியே பிரிப்பதும், சோதனைக் குறிப்பேடுகளை வரிசை எண்ணிட்டு வைப்பதும்தான் அவர்களுக்கு முக்கியம். நான் கொடுத்ததோ உயிர்நிலை முகவரியும் போர்ட் எண்ணும். அவர்களே தங்களுக்கொரு வார்ப்புரு எழுதினார்கள். பொறுப்புக் குழுவின் பெயர், லாக் வடிவம், பொதுச் சிஐ ஆகிய மூன்று மட்டும் இரண்டு வார்ப்புருக்களுக்கும் பொது என்று ஒப்புக்கொண்டோம். பாதையை விட்டு விலகும் மற்றக் குழுக்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: ஏன் விலகினீர்கள் என்று ரீட்மீயில் ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்திகளில் ஒரே காரணம் மூன்றாவது முறை வந்தால், திருத்த வேண்டியது வார்ப்புருவை.

வார்ப்புருவை மதிப்பிட இன்னொரு வழியும் வைத்திருக்கிறேன். புதிய திட்டம் பிறந்து ஒரு வாரம் கழித்து, அதன் கமிட் வரலாற்றைத் திறந்து, முதலில் எதையெல்லாம் அழித்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். எடுத்துக்காட்டுக்காக நான் அழகாக எழுதிவைத்திருந்த வாடிக்கையாளர் பட்டியல் நிரலை அடுத்தடுத்து ஐந்து குழுக்கள் முதல் நாளே அழித்திருந்தன. ஆறாவது குழு அழிக்க மறந்ததால், அந்தப் போலிப் பட்டியல் உண்மையான சேவையில் யாரும் கேட்காத முகவரி ஒன்றில் ஓராண்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட அன்றே வார்ப்புருவிலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது அங்கே இருப்பது ஒரே ஒரு சோதனையும் ஒரே ஒரு முகவரியும்.

முதலில் சொன்ன நள்ளிரவுக் கேள்வி, அதாவது இந்தச் சேவை யாருடையது என்பது, தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் ஒரு எச்சரிக்கை வந்தது. பெயர் சரியாக இருந்தது, பொறுப்புக் குழுவின் பெயரும் கோப்பில் இருந்தது, ஆனால் அந்தக் குழு கலைக்கப்பட்டு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. திட்டம் பிறந்த நாளில் வார்ப்புரு கேட்டது, சரியான விடையும் வந்தது, அந்த விடை பிறகு பழையதாகிவிட்டது. இதுவும் எல்லாத் திட்டங்களிலும் மாற வேண்டிய வகையைச் சேர்ந்தது என்பதால், கோப்பில் உள்ள பெயரை நிறுவனத்தின் தற்போதைய குழுப் பட்டியலோடு ஒப்பிட்டு, அப்படியொரு குழு இல்லையென்றால் வெளியீட்டை நிறுத்தும் படியொன்றைப் பொதுப் பைப்லைனில் சேர்த்திருக்கிறேன். வெளியீடே நடக்காத பழைய திட்டங்களில் அந்தப் படி ஓடாது, அவற்றுக்காக வாரம் ஒருமுறை தனியாக ஓடும் வேலையை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.